மைனஸ் பக்கத்து மூன்று கோடுகள்

அத்தியாயம் ஆறு

"என் மச்சான் செத்ததுக்கு அப்புறம் அவனை நல்லவன்னு ஒருத்தரும் சொல்லக் கூடாது. அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டேன்."

ஈயம் என்று எல்லாரும் கூப்பிடும் பெரியவர் இதைக் குரல் உயர்த்தாமல், குடிக்கத் தண்ணீர் கேட்பவரைப் போலச் சொன்னார். இடது கண் இருந்த இடத்தில் ஒரு வெள்ளைத் துணிப்பட்டை. மீதி இருந்த கண் இரண்டு கண்களின் வேலையையும் செய்து களைத்திருந்தது.

துப்பறிபவர் பதில் சொல்லவில்லை. பெரும்பாலும் சொல்வதில்லை. அதனால்தான் தொழில் வட்டாரத்தில் அவருக்குப் பூட்டு என்று பெயர். அவருடைய உதவியாளருக்கு வாய் ஓயாது. அவளுக்குத் தகரம் என்று பெயர் வைத்தவர் பூட்டுதான். அந்தப் பெயரை வைத்ததோடு அவருடைய பேச்சு தீர்ந்துவிட்டது என்று அவள் சொல்லிக்கொண்டிருப்பாள்.

"செத்ததுக்கு அப்புறம்னா? அவரு நல்லாத்தானே இருக்காரு?" என்றாள் தகரம்.

"என்னைக்காவது சாவான் இல்ல? எல்லாரும்தான் சாவோம்."

தகரம் அதைச் சிரித்துக் கடந்தாள். பூட்டு கடக்கவில்லை. ஆனால் அப்போது ஒன்றும் கேட்கவில்லை.

வீட்டின் பின்னறைதான் ஈயத்தின் பட்டறை. நீள மேஜை, பற்றவைக்கும் கம்பி, பற்றவைக்கும்போது எழும் ரோசின் பசைப் புகையின் வாடை, சுவரோரம் திறந்து கிடக்கும் அலுமினியப் பெட்டிகள். மைக்கில் விழும் குரல் எறும்பு ஊர்கிற அளவு மின்சாரமாகத்தான் வெளியே வருமாம். அதைப் பதிவு செய்யும் அளவுக்குத் தூக்கி நிறுத்துவது ப்ரீஆம்ப். அதைக் கையால் செய்வதில் ஈயத்தை மிஞ்ச ஆளில்லை என்று சின்ன ஸ்டுடியோக்காரர்கள் எல்லாரும் சொன்னார்கள். ஈயமோ, தன் பெட்டி பாடுவதெல்லாம் பவர் சப்ளை ஊட்டும் சோற்றில்தான் என்றார். இரைச்சல் வந்தால், கருகல் வாடை வந்தால், முதலில் சப்ளையைத்தான் சந்தேகப்படுவாராம். கடைசியில் அதுவே அவர் கண்ணை எடுத்துக்கொண்டது.

நடந்ததை அவர் சுருக்கமாகச் சொன்னார். போன மழைக்காலத்தில் ஒரு மாலை. புது சப்ளை ஒன்றை முடித்து, சோதித்து, மேஜையில் வைத்திருந்தார். தங்கையும் அவள் கணவரும் வந்தார்கள். அந்த மச்சான் ஒரு காலத்தில் ஈயத்தின் கூட்டாளி. ஈயம் வரைந்த சர்க்யூட்டைத் தன் பெயர் ஒட்டி விற்றதில் உறவு கசந்து போயிருந்தது. தங்கைதான் சமாதானம் பேச இழுத்து வந்திருந்தாள். சமாதானம் நடக்கவில்லை. கூடத்தில் குரல்கள் ஏறின. மறுநாள் காலை சப்ளையைச் சொருகி, மல்டிமீட்டரோடு குனிந்தார். மின்சாரத்தைத் தேக்கி வைக்கும், உருளை போல நிற்கும் பெரிய கெப்பாசிட்டர் ஒன்று தலைகீழாக மாட்டப்பட்டிருந்தது. அது வெடித்தது.

"போலீஸ்ல சிரிச்சானுங்க. நீங்களே மாத்தி மாட்டியிருப்பீங்க, வயசாகுதுல்லன்னானுங்க."

"மாட்டலையா?" என்றாள் தகரம்.

ஈயம் எழுந்து, சுவரில் மாட்டியிருந்த ஒரு பலகையைத் தொட்டுக் காட்டினார். பலகையில் ஒரு பழைய குண்டு பல்பு, பக்கத்தில் ஒரு பிளக் பாயிண்ட். சீரிஸ் போர்டு. புதிதாகச் செய்த எதையும் நேராகக் கரண்ட்டில் சொருக மாட்டார். இந்த பல்பு வழியாகத்தான் முதல் கரண்ட் போகும். உள்ளே எங்காவது தப்பு இருந்தால் பல்பு அதைத் தன் மேல் வாங்கிக்கொண்டு பளிச்சென்று எரியும். தப்பில்லையென்றால் ஒரு கணம் மினுங்கி அணைந்துவிடும். அன்று மத்தியானம் மினுங்கி அணைந்தது. அதைப் பார்த்த நம்பிக்கையில்தான் காலையில் நேராகச் சொருகினார்.

"மத்தியானம் சரியா இருந்தது காலையில எப்படித் திரும்பும்? ராத்திரி எழுந்து நடந்துச்சா? நடுவுல இந்த ரூம்லேருந்து அவன் வெளிய வந்ததை என் கண்ணால பார்த்தேன். அப்போ ரெண்டு கண்ணு இருந்துச்சு."

வேறு யாராவது வந்தார்களா என்று தகரம் கேட்டாள். யாருமில்லை என்றார். தங்கை வந்தால் எப்போதும் போல அறையைத் துடைத்து ஒழுங்கு செய்வாள், அவ்வளவுதான். மச்சானைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மட்டும் அவருக்குச் சொற்கள் பெருகின. மைக்கைக் கூடப் பிடிக்கத் தெரியாதவன். கழுத்தை நெரிக்கிற மாதிரி பிடிப்பான். புதுசாக எந்தப் பெட்டி வந்தாலும் முதல் ஹலோ அவன்தான் சொல்லியாக வேண்டும். இப்படியே போய்க்கொண்டிருந்தது. பூட்டு அதையெல்லாம் கேட்டபடி மேஜைக்கடியில் இருந்த குப்பைக்கூடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் காகிதச் சுருள்களுக்கு மேலே பச்சை வயர்த் துண்டு ஒன்று. பிரவுன் இல்லை, நீலம் இல்லை. எர்த்துக்குப் போகும் பச்சை மட்டும்.

"எர்த் இல்லாம நீங்க பெட்டி செய்வீங்களா?" உள்ளே வந்ததிலிருந்து பூட்டு கேட்ட முதல் கேள்வி.

"எர்த் குடுக்காதவன் கொலைகாரன் சார்," என்றார் ஈயம். சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

வெடித்த போர்டை அவர் ஒரு துணியில் சுற்றி வைத்திருந்தார். அன்றைக்குப் பிறகு பிரித்துப் பார்க்கவில்லையாம். தகரம் தலைமுடியைத் தூக்கிக் கட்ட எதுவும் கிடைக்காமல், மேஜையில் கிடந்த டெஸ்டர் ஒன்றை எடுத்துக் கொண்டையில் குத்திக்கொண்டாள். பிறகு துணியைப் பிரித்தாள். கரி. அதன் நடுவே பெரிய கெப்பாசிட்டர்கள் இரண்டு. ஒன்று முழுசாக, மற்றது வாய் பிளந்து. இரண்டிலும் மைனஸ் காலைக் காட்டும் வெள்ளைக் கோடு ஒரே பக்கம் பார்த்தது.

அதுதான் தப்பு என்று ஈயம் விளக்கினார். அவருடைய சப்ளை பிளஸ், மைனஸ் இரண்டும் தரும் வகை. பிளஸ் பக்கத்துக் கெப்பாசிட்டர் ஒரு திசை பார்த்தால் மைனஸ் பக்கத்தது எதிர்த் திசை பார்க்க வேண்டும்.

"சண்டை போட்ட புருஷன் பொண்டாட்டி மாதிரி முதுகைக் காட்டிட்டு நிக்கணும்ங்கறீங்க."

"அப்படித்தான் நின்னுச்சு. அவன் சேர்த்து வெச்சுட்டான்."

பூட்டு கைக்குட்டையால் போர்டின் ஓரத்தைத் துடைத்தார். பெரியவற்றுக்குக் கீழே, பயறு அளவில் சின்னக் கெப்பாசிட்டர்கள் கரிக்கடியிலிருந்து ஒவ்வொன்றாக வெளியே வந்தன. அவர் குனிந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். தகரம் மூன்று முறை தொண்டையைச் செருமினாள். கடைசியில் அவர் போர்டைத் தோள்பைக்குள் வைத்துக்கொண்டு, மச்சானின் ஸ்டுடியோ எங்கே என்று கேட்டார்.

"போங்க. இன்னைக்கே போயிடுங்க," என்றார் ஈயம். "அப்புறம் கேக்கறதுக்கு அவன் வாய் திறப்பானோ மாட்டானோ."

ஸ்கூட்டரைத் தகரம் ஓட்டினாள். பூட்டு பின்னால் மூட்டை மாதிரி உட்கார்ந்திருந்தார். பாலம் ஏறி இறங்கி, லாரிகள் நிற்கும் சந்து தாண்டி, சிக்னலில் நின்றபோதுதான் பேசினார்.

"ஒருத்தன் கண்ணைக் குருடாக்க எத்தனை கெப்பாசிட்டரைத் திருப்பணும்?"

"ஒண்ணு போதும். பெருசா பார்த்து."

"சின்னதும் திரும்பியிருக்கு. மைனஸ் பக்கம் மொத்தம் மூணு. மூணும். கழட்டி, திருப்பி, அழகா பத்த வெச்சு, மேல ஸ்பிரிட் போட்டுத் துடைச்சிருக்கு."

சிக்னல் மாறியது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். தகரம் வண்டியை எடுக்க மறந்திருந்தாள்.

"பழி வாங்க வந்தவன் எதுக்கு சார் சுத்தம் பண்றான்?"

பூட்டு மறுபடி மூட்டையாகிவிட்டார்.

ஸ்டுடியோவும் வீடுமாக அது ஒரு தையல் கடைக்கு மேலே இருந்தது. படி ஏறும்போதே மிஷின்களின் அதிர்வு காலில் ஏறியது. முன்னறையில் மேஜை விளக்கின் கீழ் ஒரு பெண் உட்கார்ந்து, தட்டு நிறையச் சின்ன போர்டுகளை எடுத்தெடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஈயத்தின் தங்கை. எல்இடி பல்பு செய்யும் கம்பெனியில் செக்கிங் வேலை. முடியாததை வீட்டுக்கு எடுத்து வருவாள். அண்ணன் அனுப்பிய ஆட்கள் என்றதும் அவள் முகம் விரிந்தது. மச்சானைக் கூப்பிட்டாள். நாற்காலியில் கிடந்த துணிகளை அள்ளினாள். அண்ணன் சாப்பிடுகிறாரா, இன்னொரு கண் நீர் வடிகிறதா என்று ஒன்றன் மேல் ஒன்றாக விசாரித்தாள்.

பூட்டு தட்டிலிருந்து ஒரு போர்டை எடுத்தார். அதிலும் கெப்பாசிட்டர்கள். கோடுகள் எல்லாம் ஒரே பக்கம், அசெம்பிளியில் நிற்கும் பிள்ளைகள் மாதிரி.

"கோடு ஒண்ணு திரும்பி இருந்தா?"

"ரிஜெக்ட் சார். கோடு எல்லாம் ஒரே பக்கம் பார்க்கணும், அதான் எங்க முதல் ரூல். வீட்டுல பார்க்கும்போது ரிஜெக்ட் போட மனசு வராது. நானே கழட்டித் திருப்பிடுவேன்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். மச்சான் உள்ளே கேபிள் சுற்றிக்கொண்டிருந்தார். "அண்ணன்கிட்ட சொல்லாதீங்க சார். அன்னைக்கு அவரு மேஜையைத் துடைக்கும்போது பார்த்தேன். மூணு கோடு திரும்பி இருந்துச்சு. கூடத்துல அவ்வளவு சண்டை, போய்ச் சொன்னா அதுக்கும் கோவிச்சுக்குவாரு. நானே திருப்பி வெச்சுட்டேன். ஆனா இன்னொண்ணு இருந்திருக்கு போல. அதை நான் பார்க்காம விட்டுட்டேன் சார். அதான் வெடிச்சிருக்கு. தினமும் ஆயிரம் கோடு பார்க்கறேன், எங்க அண்ணன் போர்டுல ஒரு கோட்டை விட்டுட்டேன்."

தகரம் வாயைத் திறந்தாள். பூட்டு அவளைப் பார்த்தார். அவள் வாயை மூடினாள். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அப்படி நடந்ததில்லை.

உள்ளறை வாசலில் மச்சான் நின்றிருந்தார். பருத்த, மெதுவான மனிதர். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை. தங்கை சட்டென்று பேச்சை மாற்றி, அண்ணன் மனசு இறங்கிவிட்டது தெரியுமா என்றாள். காலையில் ஒரு பெட்டி வந்திருக்கிறது. பேசாமல் இருந்த மனுஷன் தன் கையால் ஒரு ப்ரீஆம்ப் செய்து அனுப்பியிருக்கிறார், இவருக்கு. இப்போது அதைத்தான் போட்டுப் பார்க்கப் போகிறார்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பஞ்சு ஒட்டிய சிறிய அறை. புத்தம் புது அலுமினியப் பெட்டி பளபளத்தது. ஹெட்போனும் மைக்கும் மாட்டித் தயாராக இருந்தன. முதல் ஹலோ மச்சானுடையதுதானே என்று தகரம் கேட்டு வைத்தாள்.

"அது பழைய கதை," என்றார் மச்சான். "இப்பல்லாம் புதுப் பெட்டின்னா இவ குரல்தான் முதல்ல."

தங்கை ஏற்கெனவே உள்ளே போய் ஹெட்போனை மாட்டிக்கொண்டிருந்தாள். சுவிட்சைப் போட்டாள். பெட்டியின் நெற்றியில் சிவப்பு விளக்கு எரிந்தது. மைக்குக்குக் கரண்ட் கொடுக்கும் பட்டனை அமுக்கினாள். மைக் கொஞ்சம் உயரமாக இருந்தது. இறக்கக் கையை நீட்டினாள்.

பூட்டுக்கு ஈயத்தின் குப்பைக்கூடையில் கிடந்த பச்சை வயர் நினைவுக்கு வந்தது.

"தொடாதீங்க."

கீழே தையல் மிஷின்கள் நின்றன. அவ்வளவு பெரிய குரல் அந்த மனிதருக்குள் எங்கே இருந்தது என்று தகரம் பிறகு பலமுறை யோசித்திருக்கிறாள். தங்கையின் விரல்கள் மைக்குக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றன. பூட்டு உள்ளே போய், தகரத்தின் கொண்டையிலிருந்து உருவிய டெஸ்டரை மைக்கின் உலோக வலையில் வைத்தார். டெஸ்டருக்குள் சின்ன விளக்கு எரிந்தது. சிவப்பாக, சாதுவாக. அந்தப் பட்டன் வீட்டுக் கரண்ட்டையே மைக்கின் உலோகத்துக்கு அனுப்பியிருந்தது; அதை இழுத்துக்கொள்ள எர்த் இல்லை.

பிளக்கைப் பிடுங்கினார். தங்கையிடம், சின்னக் கோளாறுதான், வயர் ஒன்று விட்டுப்போயிருக்கிறது, அண்ணனிடம் சரிசெய்து வாங்கி வருகிறேன் என்று சொன்னார். அவள் நம்பினாள். ஒரே கண்ணை வைத்துக்கொண்டு பாவம் எப்படித்தான் செய்தாரோ என்று கலங்கினாள்.

மச்சான் நம்பவில்லை. பெட்டியைச் சுமந்துகொண்டு படியிறங்கக் கூடவே வந்தார். பாதிப் படியில், மிஷின்களின் சத்தம் மறைக்கும் இடத்தில் நின்றார்.

"எனக்கு அனுப்பினது," என்றார். "அவ தொட்டிருப்பா."

பூட்டு தலையசைத்தார்.

"அன்னைக்கு அவளைக் கிளம்பச் சொல்லத்தான் அந்த ரூமுக்குள்ள போனேன். அப்புறம் அவரு ஆஸ்பத்திரியில இருந்தப்ப, ரூமைக் கூட்டினது நான்தான். போர்டைப் பார்த்தேன். மூணும் ஒரே பக்கம். அதைச் செய்யற கை எங்க வீட்டுல ஒண்ணுதான் இருக்கு. அவகிட்ட எப்படி சார் சொல்றது, நீ விட்டதால வெடிக்கலை, நீ திருப்பினதாலதான் வெடிச்சுதுன்னு? அதுக்கு அவரு என்னைத் திட்டிக்கிட்டே இருக்கட்டும்னு விட்டுட்டேன்." மூச்சு வாங்கினார். "சர்க்யூட்டைத் திருடினது நான்தான். அதுல பொய்யில்லை. அதுக்கும் சேர்த்துன்னு வெச்சுக்கிட்டேன்."

தகரம் வண்டியைத் திருப்பி நேராக ஈயத்தின் வீட்டுக்கு விட்டாள்.

ஈயம் வாசலிலேயே காத்திருந்தார். வந்தவர்களின் முகத்தில் ஒரு செய்தியைத் தேடினார். பிறகு பெட்டியைப் பார்த்தார். அந்த ஒற்றைக் கண் ஒரு நொடி எங்கே போவதென்று தெரியாமல் அலைந்தது.

பூட்டு பட்டறைக்குள் போய், பெட்டியை மேஜையில் வைத்தார். மைக்கை மாட்டினார். பிளக்கைச் சொருகினார். சீரிஸ் போர்டில் இல்லை, நேராகக் கரண்ட்டில். சிவப்பு விளக்கு எரிந்தது. பட்டனை அமுக்கினார்.

"ஹலோ சொல்லுங்க," என்றார். "கழுத்தை நெரிக்கிற மாதிரி பிடிச்சுக்கிட்டு சொல்லுங்க."

ஈயம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"பிடிங்க. உங்க தங்கச்சி பிடிக்கப் போனாங்க. அண்ணன் செஞ்சதுன்னு சந்தோஷமா கையை நீட்டினாங்க. இப்பல்லாம் முதல் ஹலோ அவங்கதானாம். உங்களுக்குத் தெரியாது, நீங்கதான் அந்த வீட்டுப் பக்கமே போறதில்லையே."

ஈயம் மேஜையைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். பெட்டிக்குள் மெல்லிய இரைச்சல் ஓடிக்கொண்டிருந்தது. தகரம் போய் பிளக்கைப் பிடுங்கினாள்.

"தொட்டாளா?"

"இல்ல."

அவர் கேட்கக் கூடிய அடுத்த கேள்வி ஒன்றுதான். "அப்போ என் கண்ணு? அது அவன்தானே?"

பூட்டு பையிலிருந்து போர்டை எடுத்து, துடைத்த பக்கம் மேலே வர வைத்தார். மைனஸ் பக்கத்துக் கோடுகளை விரலால் தொட்டார். பெரியது ஒன்று, சின்னவை இரண்டு.

"குருடாக்க ஒண்ணு போதும். மூணைத் திருப்பியிருக்கு. திருப்பிட்டு ஸ்பிரிட் போட்டுத் துடைச்சிருக்கு. வெறுக்கிறவன் துடைக்க மாட்டான்."

ஈயம் போர்டை விளக்கருகே கொண்டுபோனார். அந்தக் கோடுகளை அவர் பார்த்த விதம், தெரிந்த ஒருவரின் கையெழுத்தைப் பார்ப்பது போலிருந்தது. எல்லாம் ஒரே பக்கம்.

அப்போது மேஜையில் கிடந்த அவருடைய போன் அடித்தது. திரையைப் பார்த்தார். எடுத்த அவசரத்தில் ஸ்பீக்கர் பட்டன் அமுங்கிவிட்டது.

"அண்ணா, பெட்டி கிடைச்சுதா? கோவிச்சுக்காதீங்கண்ணா, ஏதோ ஒரு வயர்தானாம்."

"என் தப்பும்மா," என்றார் ஈயம்.

"நான் லீவு நாள்ல வந்து உங்க போர்டையெல்லாம் செக் பண்ணித் தரட்டுமா? எனக்கு ரொம்ப நாளா ஒண்ணு உறுத்திட்டே இருக்குண்ணா. அன்னைக்கு உங்க சப்ளையில தப்பா இருந்ததை நான் திருப்பி வெச்சேன். ஒண்ணை மட்டும் பார்க்காம விட்டுட்டேன். அதை மட்டும் பார்த்திருந்தா உங்க கண்ணு..."

ஈயம் ஒரே கண்ணை மூடிக்கொண்டார். தகரம் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நீ எதையும் விடலைம்மா," என்றார். குரல் எங்கும் உடையவில்லை. "எல்லாத்தையும் சரியாத்தான் பார்த்தே. அப்புறம் ராத்திரி நான்தான் எதையோ நோண்டி, மாத்தி மாட்டிட்டேன். என் கையால நானே கெடுத்துக்கிட்டது."

"நிஜமாவாண்ணா?"

"நிஜமாத்தான். இனிமே அதை நினைச்சுக்காதே."

அந்தப் பக்கம் அழுகை கேட்டது. பாரத்தை இறக்கி வைத்தவர்களின் அழுகை. அது அடங்கும் வரை போனைக் காதருகே பிடித்துக்கொண்டே இருந்தார்.

பூட்டு பெட்டியைத் தூக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். இது இனித் தன்னிடம் இருக்கும் என்றார். மச்சானுக்கு ஒரு ஜுரம் வந்தாலும், படியில் கால் இடறினாலும், மறுநாள் காலை இது போலீஸ் மேஜையில் இருக்கும். அவர்கள் இந்த முறை சிரிக்க மாட்டார்கள்.

ஈயம் தலையாட்டினார். அவர்கள் வாசலுக்குப் போனபோது பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"என் சர்க்யூட்டை அவன் திருடினான்ல? அதாவது நிஜம்தானே?"

"நிஜம்தான். அவரே சொன்னாரு."

"சரி," என்றார் ஈயம். வெடித்த போர்டைத் துணியில் சுற்றினார். "அதுக்கு மட்டும் கோபமா இருந்துக்கறேன்."

தகரம் திரும்பி வந்து, டெஸ்டரை மேஜையில் எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, அவிழ்ந்த தலைமுடியோடு வெளியே நடந்தாள்.